உம்மா கேட்காத முடிவு

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே நலம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? புயலில் ஊரில் டவர் போய்விட்டதாம், யாருக்குமே போன் போகவில்லை. அதனால் இன்று ஊருக்குப் புறப்படும் சயீதிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. சின்ன வயதில் நான் விளையாடிய கேமில் ஒரு கோட்டைப் பாட்டு வருமே, நினைவிருக்கிறதா? என் ஆள் எப்போதும் பாலத்தில் விழுந்து செத்துப்போவான், பாட்டு மறுபடி முதலிலிருந்து வரும். அடுப்படியில் நீங்களும் அதுவரை முணுமுணுத்துவிட்டு, திரும்ப ஆரம்பிப்பீர்கள். முழுப் பாட்டையும் நானே இப்போதுதான் கேட்டேன். கூட்டாளி சுகுமாறனும் நானும் அதை மெட்டல் ராக் பாட்டாக மாற்றுகிறோம். இங்கே மாசாயில் என் அறையிலிருந்து நான் கிதார் வாசித்துப் பதிந்து அனுப்புவேன்; ஜொகூர் பாருவில் அவன் டிரம்ஸ் சேர்ப்பான்.

நேற்று போன் செய்தான். "அலமாக், உன் ரூம்ல யாரோ பொம்பள பாடுறாங்களே, யாரு லா அது?"

அறையில் நான் மட்டும்தான். கிதார் வயர் நேரே கம்ப்யூட்டருக்குப் போகிறது, மைக்கே கிடையாது. அவனுக்கு அனுப்பியதைப் போட்டுக் கேட்டேன். உங்கள் குரல், உம்மா. பாலம் வரை போய், முதலிலிருந்து ஆரம்பித்தது. சிரித்துவிட்டேன்.

இன்று காலை மறுபடி வாசித்துப் பதிந்தேன். குரல் இருந்தது. ஆனால் பாலத்தில் நிற்கவில்லை. கடைசி வரை பாடி முடித்தது.

சயீத் கீழே ஹார்ன் அடிக்கிறான். திரும்பும்போது அவனிடம் கொஞ்சம் இடியாப்ப மாவு கொடுத்தனுப்புங்கள். வேறு யாரிடமும் கொடுக்கச் சொல்லாதீர்கள், உங்கள் கையாலேயே கொடுங்கள்.

உங்கள் மகன்
அஹ்னாஃப்