கோயில் எதிரில் வசிப்போர் அனைவரும் ஒரே குடும்பம் அல்ல

அனுப்புநர்
அ. ஜான்சி,
ஜான்சி டிபன் சென்டர்,
சிவன் கோயில் எதிரில்,
மாடம்பாக்கம், சென்னை – 600 126.

பெறுநர்
மண்டல மேலாளர் அவர்கள்,
தென்கடல் வங்கி,
தெற்கு மண்டல அலுவலகம், சென்னை.

பொருள்: ஏரிக்கரை கூட்டுறவு வங்கி தங்கள் வங்கியுடன் இணைந்த பின், எனக்கு ஒப்புதலாகியிருந்த இயந்திரக் கடன் நிறுத்தப்பட்டது – தை பிறப்பதற்குள் அதை விடுவிக்கவும், வெள்ளிக்கிழமை நேர்ப்பார்வையைத் தொடரவும் வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: இணைப்பு விழாவில் தாங்கள் ஆற்றிய உரை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது புகார் மனுதான் என்றாலும் நான் கோபத்தில் எழுதவில்லை. சந்தோஷத்தில் கை பரபரக்க எழுதுகிறேன். அந்தச் சந்தோஷம் கைநழுவிப் போகாமல் காப்பாற்றித் தரும்படி கேட்கத்தான் இந்த மனு. எழுத்தில் அவசரம் தெரிந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. நான் பல ஆண்டுகளாக வீட்டிலேயே இட்லி, பொங்கல், வடை செய்து, தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே காலை வேளையில் விற்று வருகிறேன். கணவர் அன்பு வேன் ஓட்டுகிறார். சென்ற ஐப்பசியில், நாவலூரில் உள்ள ஒரு கணினி நிறுவனத்தின் கேன்டீன் பொறுப்பாளர் திரு. ஸ்டெபின் என்னிடம் இட்லி வாங்கிச் சாப்பிட்டார். இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு என்று கேட்டுச் சாப்பிட்டதில் அவருடைய ரயில் போய்விட்டது. மறுவாரம் என்னையும் இரண்டு பெரிய கேட்டரிங் நிறுவனங்களையும் அழைத்து ருசி பார்த்தார்கள். முடிவில் திரு. ஸ்டெபின், "அக்கா, தை மாசத்துலேர்ந்து காலை டிபன் மொத்தமும் நீங்களே போட்டுடுங்க" என்றார். ஐயா, எனக்குக் கால் தரையில் பாவவில்லை! திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் நானும் என் கணவரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஆனால் அங்கே சாப்பிடுபவர்கள் ஐந்நூறு பேர். என்னிடம் இருப்பதோ வீட்டுக்கு வாங்கும் சின்ன கிரைண்டர்கள். மாவைச் சாய்த்துக் கொட்டும் பெரிய டில்டிங் கிரைண்டரும் இட்லி ஸ்டீமரும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே முடியாது.

2. உடனே ஏரிக்கரை வங்கியில் கடன் கேட்டேன். அந்த வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. யார் கடன் கேட்டாலும், வருகிற வெள்ளிக்கிழமை மேலாளரும் இயக்குநர் ஒருவரும் நடந்தே வந்து தொழிலைப் பார்ப்பார்கள். இந்த நேர்ப்பார்வையை நாங்கள் கேலியாக "பெண் பார்க்க வருகிறார்கள்" என்போம். நானும் அடுக்களையைக் கழுவித் துடைத்து, பூ வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மேலாளர் திரு. ஜெயவேலு காபியைக் கூடத் தொடவில்லை. நேரே உள்ளே போய் கிரைண்டர் கல்லைத் தடவிப் பார்த்தார். அது வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பிறகு பக்கத்து வீட்டில் விசாரித்தார். எங்கள் கிரைண்டர் சத்தத்தில்தான் தினமும் கண் விழிப்பதாக அவர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அந்தக் குறையையே எனக்குச் சாதகமாக எழுதிக்கொண்டு போனார். அடுத்த கூட்டத்தில் என் கடன் ஒப்புதலாகிவிட்டது.

3. அந்த வங்கியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட நான் வரவில்லை. பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரம் அங்கே நினைத்தால் ஓடும், நினைத்தால் படுத்துக்கொள்ளும். தலைவராக இருந்த திரு. கேசவனின் சொந்தக்காரர்கள் கடன் கேட்டால் மட்டும் எந்த வெள்ளிக்கிழமையும் யாரும் போய்ப் பார்த்ததில்லை. அந்தக் கடன்கள் பல திரும்பி வராததால்தான் வங்கியே தள்ளாடியது என்று ஊரில் பேச்சு. ஆகவே தங்கள் வங்கியோடு இணையப்போகிறது என்றதும் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. கல்யாண மண்டபத்தில் நடந்த இணைப்பு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து, கேசரி சாப்பிட்ட கையோடு பலமாகக் கைதட்டினேன். "வங்கி பெரிதானால் செலவு குறையும், வேலை வேகமாகும்" என்று தாங்கள் பேசினீர்கள்.

அதில் பாதி உடனே பலித்தது. கோவையில் படிக்கும் என் மகள் ரோஸிக்கு விடுதிக் கட்டணம் அனுப்ப முன்பெல்லாம் என் அரைநாள் வியாபாரம் கெடும். இப்போது அடுப்பில் ஒரு ஈடு இட்லி வேகும் நேரத்தில் போனிலேயே முடிந்துவிடுகிறது. இதற்குத் தங்களுக்கு மனமார்ந்த நன்றி.

4. மறுபாதிக்காகத்தான் இந்த மனு. ஒப்புதலான கடன் வராததால் கிளைக்குப் போனேன். புதிய மேலாளர் செல்வி அனுப்பிரியா மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். கணினியைப் பார்த்துவிட்டு, என் குடும்பம் ஏற்கெனவே கடன் வரம்பைத் தாண்டிவிட்டது என்றார். என் குடும்பத்தில் நாங்கள் மூன்றே பேர், யார் பேரிலும் கடன் இல்லை என்றேன். அவர் குழம்பிப்போய்ப் பெயர்களைப் படித்தார். என் குடும்பத்தில் திரு. கேசவன் இருந்தார். பெயிண்டர் ரத்தினம் இருந்தார். மாடம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் இருந்தார்கள். குடும்பத் தலைவி என்ற இடத்தில், அரிசி மண்டி வைத்திருக்கும் திருமதி கங்கையம்மாள் இருந்தார். (செல்வி அனுப்பிரியா பெயர்களைப் படித்தது எனக்கு உதவுவதற்காகவே. அதற்காக அவர்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம்.)

5. காரணம் பிறகு விளங்கியது. எங்கள் பக்கத்தில் பழைய கதவு எண், புதிய கதவு எண், அதற்கும் புதிய எண் என்று மாறி மாறி வந்ததில் சலித்துப்போய், எல்லோரும் "சிவன் கோயில் எதிரில்" என்று எழுதப் பழகிவிட்டோம். கோயிலுக்குப் பின்னால் இருப்பவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். காலனியில் இருக்கும் நானும் அப்படித்தான் எழுதுகிறேன். மேலும், கணக்குத் தொடங்கியபோது போன் இல்லாதவர்களுக்கு ஏரிக்கரை வங்கியார் தம் கிளையின் போன் எண்ணையே போட்டுக் கொடுத்திருந்தார்கள். யாருக்காவது தகவல் வந்தால் வங்கிக் காவலாளி வீட்டில் வந்து சொல்லிவிடுவார். அவருக்கு எல்லா வீடும் தெரியும். தங்கள் கணினிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே முகவரி, ஒரே போன் எண். அதனால் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் ஒரே உலையில் சாப்பிடுகிறோம் என்று முடிவு கட்டிவிட்டது.

6. இதன் பின்விளைவையும் தாங்கள் அறிய வேண்டும். திருமதி கங்கையம்மாள் ஊர்த் தெருவைச் சேர்ந்தவர், நிலபுலன் உள்ளவர். எங்கள் காலனியில் அவர் யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. எங்களையும் அவர் மண்டி வாசலோடு நிறுத்தித்தான் அனுப்புவார். தங்கள் வங்கியிலிருந்து அவருக்கு, "தங்கள் குடும்ப உறுப்பினர் ஜான்சியின் கடனுக்குத் தாங்கள் சம்மதிக்கிறீர்களா?" என்று கேட்டுத் தபாலில் கடிதம் போயிருக்கிறது. மறுநாள் காலை நான் ஈடு இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் வாசலில் வந்து நின்றார். "இன்னா ஜான்சி, நீ எனக்குச் சொந்தமாமே? பேங்குல சொல்லிக்கினு கீறாங்க!" என்று தெருவே கேட்கும்படி கத்தினார்.

எனக்குப் பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "உள்ள வாங்கம்மா, சூடா கீது, சாப்பிட்டுட்டுத் திட்டுங்க" என்றேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே வந்து, அடுக்களையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாவலூர் வேலையைப் பற்றி அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. கை கழுவிவிட்டு, என் கிரைண்டரைப் பார்த்து, "இத்த வெச்சிக்கினா ஐந்நூறு பேருக்கு ஆட்டப் போற? பேஜாரா பூடும்" என்றார். ஐயா, தங்கள் வங்கியிலிருந்து வரவேண்டிய நேர்ப்பார்வையை அன்று அவர் முடித்துவிட்டார்!

எங்கள் ஊரில் இதுவரை யாராலும் செய்ய முடியாததைத் தங்கள் கணினி தெரியாமல் செய்துவிட்டது. அதற்காக அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. கடனை மட்டும் கொடுத்துவிட்டால் போதும்.

7. பெரியது நல்லதா சிறியது நல்லதா என்று தீர்ப்புச் சொல்ல நான் படித்தவள் அல்ல. சமைப்பவளாக ஒன்று சொல்வேன். ஐம்பது பேருக்குப் பதில் ஐந்நூறு பேருக்கு வைத்தால் கேஸ் மிச்சம், ஆள் மிச்சம், நேரம் மிச்சம். தாங்கள் விழாவில் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் ஐம்பது பேருக்குப் போட்ட உப்பை அப்படியே பத்தால் பெருக்கிச் சாம்பாரில் கொட்டினால் யாராலும் வாயில் வைக்க முடியாது. பாத்திரம் எவ்வளவு பெரிதானாலும் ஒருவர் கரண்டியில் எடுத்து ருசி பார்த்தாக வேண்டும். ஏரிக்கரை வங்கியில் அந்தக் கரண்டி வெள்ளிக்கிழமைதான். இணைப்பின்போது மேசை, நாற்காலி, இரும்புப் பெட்டி எல்லாம் பத்திரமாக வந்துவிட்டன. வெள்ளிக்கிழமையை மட்டும் விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.

8. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

(அ) எங்களை ஒரே குடும்பமாகக் காட்டும் பதிவை நீக்கி, எனக்கு ஒப்புதலான கடனைத் தை பிறப்பதற்குள் வழங்க வேண்டுகிறேன். தாம்பரம் மார்க்கெட்டில் கடைக்காரர் எனக்காக ஒரு கிரைண்டரை ஒதுக்கி வைத்திருக்கிறார். பொங்கல் வியாபாரம் சூடு பிடித்தால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். கிரைண்டர் இல்லையென்றால் நாவலூர் வேலை அந்தப் பெரிய கேட்டரிங்காரர்களிடம் போய்விடும். இன்னொரு ஸ்டெபின் இன்னொரு முறை ரயிலைத் தவறவிடுவார் என்று நான் நம்பிக் காத்திருக்க முடியாது.

(ஆ) வெள்ளிக்கிழமை நேர்ப்பார்வையை மீண்டும் தொடங்க வேண்டுகிறேன். செல்வி அனுப்பிரியா ஊருக்குப் புதியவர். வீடு வீடாக நானே அழைத்துப் போய்க் காட்டுகிறேன். திரு. கேசவனின் உறவினர் வீடுகளையும் இந்த முறை சேர்த்தே காட்டுகிறேன்.

திருமதி கங்கையம்மாள் தாமாகவே முன்வந்து இந்த மனுவில் கையெழுத்திடுகிறார். கணினி மையத்தில் இதைத் தட்டச்சு செய்தபோது, மறுபடி குழப்பம் வரக் கூடாதென்று, அவர் பெயருக்குப் பக்கத்தில் "உறவு இல்லை" என்று போடச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கங்கையம்மாளே தடுத்துவிட்டார். "சொந்தம் இல்லன்னு எதுக்கு எழுதுற? வேற வேற வூடுன்னு எழுது, போதும்" என்றார். அவர் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

இடம்: மாடம்பாக்கம்
நாள்: 12.12.2025, வெள்ளிக்கிழமை

தங்கள் வங்கியிலிருந்து ஒருவர் நடந்து வருவதை வாசலில் எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
அ. ஜான்சி

உடன் கையொப்பமிடுபவர்:

(ஒப்பம்)
கங்கையம்மாள்
(வேறு வீடு)