மாட்டாத கிளிப்

சிட்லபாக்கம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை.

என் சட்டையை மூன்று முறை துவைத்தும் போகாத வாடை எதுவென்று கேட்டீர்களே, அது டொலுவீன். கச்சா எண்ணெயிலிருந்து எடுப்பது. மறைமலை நகர் ஆலையில் பெயின்ட்டை இளக்கக் கலக்கிறோம். பெட்ரோல் மாதிரி பற்றும். ஊற்றும்போதே மின்பொறி உண்டாகலாம் என்பதால், முதலில் டிரம்மிலும் வாளியிலும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கிளிப் மாட்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவசரத்தில் நான் மாட்டவில்லை. குப்பென்று தீப்பிடித்தது. ஆபரேட்டர் தணிகாசலம் அண்ணன் ஓடிவந்து அணைத்தார். எனக்கு ஒரு புருவம் மட்டும் போயிற்று. வீடியோ காலில் வராததற்கு அதுதான் காரணம்.

"இன்னா சார், ஊருக்கே சேஃப்டி கிளாஸ் எடுக்கறே, உனக்கு கிளிப்பு மாட்ட டைம் இல்லியா?" என்றார் அண்ணன்.

கிளிப் மாட்டாதது அண்ணன்தான் என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னார் மேனேஜர். "கான்ட்ராக்ட் ஆள்தானே ஜாய்சன், வேற ஆள் போட்டுக்கலாம்."

நான் என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். முடிவு இந்த வாரம் தெரியும். காலையிலிருந்து ஏரியை நான்கு சுற்று நடந்தாயிற்று, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

பீரோவிலிருக்கும் என் டிப்ளமோ சான்றிதழின் அசலைக் கூரியரில் அனுப்புங்கள். சும்மா, கையில் இருக்கட்டும். நேந்திரங்காய் சிப்ஸும் வையுங்கள். நிறைய வேண்டாம், ஒருவேளை நானே வந்துவிடுவேன்.

சர்ச்சில் மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உங்கள்
ஜாய்சன்