சேறு அடங்கும்வரை

இன்று சோறு பிசையும்போது கையில் கிரீஸ் வாடை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், உன் கையில் எப்போதும் இருந்த வாடைதானே, நீ வந்து எதிரே உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நாற்று நடும் இயந்திரத்தை நம் பெண்கள் குழுவின் குத்தகை வயலில் முதலில் இறக்கிய நாள் உனக்கு மறந்திருக்காது. கைநடவுக்குக் கட்டும் பழக்கத்தில் தண்ணீரைத் தளும்பக் கட்டி, உழுத கையோடு இறக்கிவிட்டோம். தனுவச்சபுரம் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் வரப்பேறி வேடிக்கை பார்க்க, அது எருமைபோலச் சேற்றில் படுத்துக்கொண்டது. நட்ட நாற்றெல்லாம் மிதந்தது.

"பெண்ணுங்களுக்கு அடுக்களையாக்கும் நல்லது" என்றார் ஒருவர். எனக்கு அழுகை முட்டியது. உனக்குச் சிரிப்பு.

"அவங்க சிரிச்சுத் தீரட்டு மக்கா. அதுக்குள்ள சேறு அடங்கிரும்."

மறுநாள் தண்ணீரை வடித்து, மண் படிந்ததும் நீயே ஓட்டினாய். வரிசை கோடு போட்டதுபோல வந்தது. பாதியில் என்னிடம் தந்துவிட்டு வரப்பிலிருந்து அதட்டினாய்: "காலைப் பாக்காத. அக்கரையில நிக்குத தெங்கைப் பாத்துப் போ."

கோடையில் நீ கண்ணை மூடிவிட்டாய். ஐப்பசியில் பெய்த பேய்மழையில் நட்டதெல்லாம் மூழ்கி அழுகியது. முன்பும் ஐப்பசியில் மழை உண்டு, இப்படி ஒரேயடியாகக் கொட்டியதில்லை. வயல்காரர் வந்து நின்றார்.

"இந்த மாசத்துக்குள்ள பச்சை தெரியலேன்னா ஏத்தவாழைக்குக் குடுத்திருவேன். பின்ன என்னைக் குறை சொல்லப்படாது."

கையால் திரும்ப நட ஆளும் கிடையாது, நாளும் கிடையாது. ஆனால் மழைக்கும் ஒரு பங்கு நாற்றுப் போடணும் என்று நீ வைத்துப்போன வழக்கம் இருந்ததே. அப்படிப் பிந்தித் தட்டுகளில் விதைத்த நாற்று என் மொட்டைமாடியில் தளதளவென்று நின்றது. தண்ணீர் வடிந்ததும் மறு உழவு போட்டோம். உடனே நட வேண்டும் என்று பெண்கள் துடித்தார்கள். "அடுத்த மழை வந்திரும் அக்கா." நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டேன். ஆனாலும், "சேறு அடங்கட்டு" என்றேன். உன் குரல் மாதிரியே வந்தது.

அடங்கியது. விடிந்ததும் இயந்திரத்தை இறக்கி, வெயில் சாயுமுன் வயல் முழுக்க நட்டுக் கரையேறினோம். மழை சில நாள் கழித்துத்தான் வந்தது. வந்து என்ன, நாற்று வேர் பிடித்துவிட்டது.

போன வாரம் அறுப்பு. வயல்காரர் ஒரு கதிரைக் கசக்கி வாயில் போட்டு மென்றார். "அடுத்த பூ நெல்லும் நீங்களே செய்யுங்க" என்றார். இதைப் பார்க்காமல் போனாயே என்று உன்மேல் கோபம் கோபமாக வந்தது. பெருமையும்தான்.

நாளைக்கு அதியன்னூர்ப் பெண்கள் நம்மிடம் இயந்திரம் பழக வருகிறார்கள். அதற்குத்தான் இன்று கிரீஸ் போட்டேன். ஒரு துண்டு வயலில் தண்ணீர் விட்டு உழுது போட்டிருக்கிறேன், சேறு அடங்கிக்கொண்டிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து அதட்டுவேன். அக்கரைத் தெங்கு அங்கேயேதான் நிற்கிறது.