இரண்டாம் வரிசைக்கும் வைத்த பொடி

செவ்வாய், இரவு. ஜனக்புரி.

குடற்புழுவுக்கான புதுப் பொடியைத் தீவனத்தில் கலந்து நான் வேலை பார்க்கும் மாட்டுப் பண்ணையில் ஒரு வரிசை மாடுகளுக்கு மட்டும் வைக்கச் சொல்லியிருந்தார் கால்நடை டாக்டரம்மா. பந்தியில் ஒரு வரிசைக்குப் பாயசம் ஊற்றி, எதிர் வரிசையை ஏங்க விடுகிற பரம்பரையா நான்? டில்லித் தமிழர் கல்யாணங்களில் பாதி என் பரிமாறலில்தான் நடந்தது. இரண்டு வரிசைக்கும் வைத்தேன்.

இன்று சாணத்தைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அங்கிள், பொடி தின்னாத மாட்டுக்கும் புழு கொறைஞ்சிருக்கே! அச்சா, அப்போ அது தானா கொறைஞ்சதுதான். பொடி வேஸ்ட். நாளைக்கு மூட்டையைக் கொட்டிடுங்க."

"எல்லாம் என் கைராசி, மேடம்" என்றேன். வேறென்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

சே, எவ்வளவு நல்ல பொடி! மந்திரிக்கே மாட்டு வைத்தியம் சொன்ன வாய் இது, இன்றைக்கென்று கைராசி என்று உளறிவிட்டது. பொடி பலிக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். காலையில் அதைக் குப்பையில் கொட்டப் போகிறவனும் நான்தான்.