வேறு பெயரில் அதே மாத்திரை

ஏப்ரல் 6
இந்த வாரம் மாத்திரை வெள்ளையாக, வட்டமாக இருக்கிறது. பழையது நீளமாக, இளமஞ்சளாக இருக்கும். இவரிடம் கேட்டேன். கம்பெனிக்காரன் நிறத்தை மாற்றிவிட்டானாம். சரி. நான் மனசு சரியில்லாமல் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷத்திலிருந்து ஞாயிறுதோறும் மாத்திரை டப்பாவை நிரப்பி வைப்பது இவர்தான். கொடுத்து வைத்தவள் என்று அக்கா சொல்வாள்.

மே 19
நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் சரியான கூட்டம். ஃபிரேமில் பொடித் திருகாணி மாட்டும்போதுகூடக் கை ஆடவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று எழுதவே பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜூலை 27
கொழுந்தனாரும் ஓரகத்தியும் மதியம் சாப்பிட வந்தார்கள். கொழுந்தனார் தன் பிரஷர் மாத்திரை விலையைச் சொல்லி அலுத்துக்கொண்டார். உடனே இவர் சிரித்துக்கொண்டே, "இவளுக்கு நான் எப்பவோ விலை கம்மியானதா மாத்திட்டேன். இன்னி வரைக்கும் அவளுக்கே தெரியாது. எல்லாம் மனசுதான்னு அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

கொழுந்தனார் சிரித்தார். ஓரகத்தி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போ அவளுக்கும் தெரியும்.

நான் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூலை 28
கடைக்குப் போகவில்லை. கை நடுங்குகிறது. நேற்று காலையும் இதே மாத்திரையைத்தானே போட்டேன், அப்போ நடுங்கலியே? ஒருவேளை இவர் சொல்வதுதான் நிஜமோ? இத்தனை வருஷம் நான் பட்டதெல்லாம் நடிப்பா?

ஜூலை 30
டாக்டரம்மாவிடம் போனேன். தனியாக. பழைய கம்பெனியின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதாம். இப்போது மற்ற கம்பெனிகளும் அதே மருந்தைச் செய்யலாமாம். "உள்ள இருக்கறது அதே மருந்துதாம்மா. அது வேலை செஞ்சதாலதான் நீங்க நல்லா இருந்தீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்தியிருக்கலாம். கொஞ்ச நாள் உங்களைக் கூடுதலா கவனிச்சிருப்பேன்" என்றார். நடுக்கம் அதிர்ச்சியால் வந்தது, அடங்கிவிடும் என்றார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் அழுதேன் — நிம்மதியில்தான் முதலில்.

ஆகஸ்ட் 2
டாக்டரம்மா சொன்னதை இவரிடம் சொன்னேன். சொன்னால் பயப்படுவேன் என்றுதான் மறைத்தாராம். என் நல்லதுக்குத்தானாம்.

"பயந்திருப்பேன். டாக்டரம்மாகிட்ட கேட்டிருப்பேன், அப்புறம் நானே ஒத்துக்கிட்டிருப்பேன். அது இருக்கட்டும். அதை வெச்சு எல்லார் முன்னாடியும் ஏன் சிரிச்சீங்க?"

"விளையாட்டுக்குச் சொன்னதுடி. இதைப் போய் பெருசு பண்றே."

டிவியைப் போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 11
கை நடுக்கம் நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 24
மருந்துக் கடையில் நானே கேட்டு அதே வெள்ளை மாத்திரையை வாங்கிவந்தேன். நல்ல மாத்திரை. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

காலையில் இவர் எனக்கும் சேர்த்துக் காபி கலந்து வைத்திருந்தார். பாவம், சர்க்கரைகூட அளவாகப் போட்டிருப்பார். அவர் குளிக்கப் போனதும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, நானே வேறு கலந்து குடித்தேன்.