மே மாதத்து ரத்தம்

மார்ச் 4

அக்காவுக்கு,

நலம். நீங்களும் வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வேலை விஷயமாக எழுதுகிறேன். அந்த வைரஸ் காய்ச்சல் வந்து போனவர்களின் ரத்தத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எங்கள் ஆய்வகத்தில் பார்க்கிறோம். கிருமி போய்விடுகிறது. ஆனால் நோயை எதிர்க்கும் செல்களில், மரபணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் சின்னக் குறிகள் மாறிவிடுகின்றன. மரபணுவின் எழுத்து மாறாது. எதைத் திறந்து படிக்க வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்ற குறிதான் மாறும். சிலருக்கு அது மாதக்கணக்கில் நிற்கிறது.

தனிமை வார்டில் வேலை பார்த்த நர்ஸ்களின் ரத்தம் வேண்டும் என்றார் எங்கள் பேராசிரியர். உங்கள் மருத்துவமனை கொடுத்த பட்டியலில் நீங்கள் மூன்றாவதாக இருந்தீர்கள். விருப்பம் இருந்தால் கொடுக்கலாம். கட்டாயம் இல்லை.

தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

மூன்று வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்னவோ என்று பதறிவிட்டேன். பிரித்தால் ரத்தம் கேட்டிருக்கிறாய். ஊருக்கெல்லாம் ஊசி குத்துகிற எனக்கே குத்த வாய்ப்புக் கிடைத்ததில் வார்டில் எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். இரண்டு குப்பி கொடுத்தாயிற்று.

அது என்ன புதிதாக 'நீங்கள்'? உனக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டவள் நான். கோபம் இருந்தால் 'நீ' என்றே கோபப்படு.

அப்பாவைக் கடைசியாக வழியனுப்பிய அன்று வீட்டு கேட்டில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வார்டுலேர்ந்து கொண்டுவந்து ஒட்டவெச்சுக் கொன்னுட்டே. உள்ள வராதே." அதற்குப் பிறகு சித்தப்பா வீட்டிலிருந்தும் ஒரு ஃபோன் கிடையாது. மாமா எப்படி இருப்பார் என்று என் பெண் கேட்டாள். ஃபோட்டோவைக் காட்டினேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 22

அக்கா,

நான்கு தாள் கிழித்தாயிற்று. எப்படி ஆரம்பித்தாலும் ஒன்றுதான், சொல்லிவிடுகிறேன்.

நோய் வராதவர்களின் ரத்தம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக, ஆய்வகத்தில் இருக்கும் நாங்களே மாதா மாதம் கொடுப்போம். அது குளிர்பெட்டியில் வருஷக்கணக்கில் இருக்கும். உங்கள் வார்டு ரத்தத்தோடு வைத்துப் பார்க்க அந்தப் பழைய குப்பிகளை எடுத்தோம். போன செவ்வாய்க்கிழமை பேராசிரியர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இந்தப் பதினேழு யாருப்பா? மே மாசக் குப்பி நம்ம பக்கம் நிக்க மாட்டேங்குது. நோயாளிங்களோட போய் ஒட்டிக்குது."

குப்பியில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பதினேழு நான்.

"சோதனையை மறுபடி ஓட்டிப் பாக்கறேன் சார்" என்றேன். மூன்று முறை ஓட்டினேன். அப்பா இறந்த வருஷத்து ஏப்ரல் மாதக் குப்பி சுத்தம். மே எட்டாம் தேதிக் குப்பியில் குறிகள் மாறியிருக்கின்றன. வேறு ஏதாவது சளியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, ஜூன் குப்பியில் அந்த வைரஸ் வந்து போனதைக் காட்டும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. குளிர்பெட்டிக் கதவைத் திறந்தபடியே நின்றிருக்கிறேன். அலாரம் அடித்த பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பதே தெரிந்தது.

எட்டாம் தேதி ரத்தம் கொடுத்தேன். ஒன்பதாம் தேதி, தனியாக இருக்கிறாரே என்று அப்பா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்தேன். நீ பதினான்காம் தேதி மாத்திரை கொடுக்க வந்தாய். பதினைந்தாம் தேதி அவருக்குக் காய்ச்சல். ஒரே நாளில் அந்தக் கிருமி அப்படி ஏறாது. வேறு வீட்டு விஷயமாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

எனக்குத் தும்மல்கூட வரவில்லை அக்கா. பிறகு பரிசோதித்தபோது 'இல்லை' என்றுதான் வந்தது. அதற்குள் வந்து போய்விட்டிருக்கிறது.

நான்தான் கொண்டுபோனேன். உன்னைத்தான் உள்ளே விடவில்லை.

தம்பி

ஏப்ரல் 29

தம்பி,

டூட்டிக்குப் போகும் வழியில் உன் கடிதம் வந்தது. உடை மாற்றும் அறையில் படித்தேன். பிறகு ஆறு பேருக்கு டிரிப் போட்டேன். ஒன்றும் தவறவில்லை. ஏனென்றால் எனக்கு இது முன்பே தெரியும்.

வார்டில் எங்களுக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை பரிசோதனை. அந்த மே மாதம் பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு, மூன்றிலும் எனக்கு இல்லை. நீ கேட்டில் கையை வைத்திருந்தபோது அந்தச் சீட்டுகள் என் கைப்பையில்தான் இருந்தன. எடுத்துக் காட்டியிருந்தால் அடுத்த கேள்வி "அப்ப யாரு?" என்று வரும். அந்த வாரம் அப்பா வீட்டுக்குள் போனது நாம் இரண்டே பேர்.

இதை என் நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பா வாங்கிய வாக்கு அது. இறப்பதற்கு முந்தின நாள் எங்கள் வார்டில் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு சொன்னார். "அன்னிக்கு வெங்காயம் கருகி வீடே புகை. அடுப்பு முன்னாடி நின்ன சின்னவனுக்கு வாசனையே தெரியல. அப்ப எனக்குப் புரியல, இங்க வந்து படுத்து எனக்கும் வாசனை போனப்புறம்தான் புரிஞ்சுது. அவன்கிட்ட சொல்லிடாதே. அவன் தாங்க மாட்டான். நீ தாங்கிக்குவே."

நான் தாங்கிக்கொள்வேன் என்று அவருக்கு யார் சொன்னது? என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? மூன்று வருஷமாக உன்மேல் இருந்ததைவிட அவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். செத்துப்போனவரோடு சண்டை போட்டுக்கொண்டு சமைத்தேன், குளித்தேன், பஸ் ஏறினேன்.

கிருமி உன்னிடம் சொல்லிவிட்டு ஏறவில்லை. அதில் உன் தப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் கேட்டில் சொன்னது நீ. அதற்குக் கிருமி பொறுப்பில்லை.

அக்கா

மே 9

அக்கா,

வெங்காயம் கருகியதே உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. அடிப்பிடித்த வாணலியை அப்பா தேய்த்தார். நான் துடைத்து வைத்தேன்.

சித்தப்பா வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "போனது போச்சு, இப்ப எதுக்குடா கிளறறே" என்றார். "போகல சித்தப்பா. மூணு வருஷமா அக்கா தலையில இருக்கு" என்றேன். சித்தி எழுந்து உள்ளே போய்விட்டார்.

பேராசிரியரிடமும் பதினேழு யார் என்று சொன்னேன். "அந்தக் குப்பியை எடுத்துடலாமா?" என்றார். வேண்டாம், நோயாளிகள் பக்கம் போடுங்கள் என்றேன்.

உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. வரட்டுமா?

தம்பி

மே 15

தம்பி,

சித்தப்பா ஃபோன் செய்தார். அழுதார். வார்டில் உறவுக்காரர்களிடம் சொல்வதுபோல "பரவாயில்லங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பாரம் குறைந்தது என்பார்களே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. காலையிலேயே வா. எனக்கு அப்பாவை வாய்விட்டுத் திட்ட வேண்டும். உட்கார்ந்து கேட்க உன்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

அக்கா