சுவரோரம் ஆடிய அணி

மார்ச் 10, 2007, சனி

முதல் ஆட்டம். கால்நடைச் சந்தைக் கொட்டகைக்குள் பச்சைக் கம்பளம் விரித்து, சுற்றிலும் மெத்தை கட்டிய பலகைச் சுவர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ரேட்டலர்ஸ் அணியின் மைதானம் அதுதான். போன வாரம்வரை அங்கே காளை ஏலம். வாசனை இன்னும் போகவில்லை. நெப்ராஸ்காக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டா? ஆயிரத்து எண்ணூறு பேர் வந்து கத்தினார்கள். வெளி மைதானத்து அமெரிக்கக் கால்பந்தென்றால், பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறவனைத் தள்ளினால் புல்லில் போய் விழுவான். இங்கே சுவர்.

பதினேழு பேருக்குச் சுளுக்காமலிருக்கக் கணுக்காலில் பட்டை ஒட்டினேன். பகலில் முதியோர் இல்லத்தில் மூட்டுப் பயிற்சி கொடுப்பது, சாயங்காலம் இந்த அணியின் காயங்களைக் கவனிப்பது. ஐம்பத்திரண்டு வயதில் உனக்கு இது தேவையா, லிபி?

ஜெயித்துவிட்டோம். தேவைதான்.

மார்ச் 24

எங்கள் அணியில் ஆர்டெல் ப்ரூவிட் என்றொரு மிசிசிப்பிக்காரன். வயது இருபத்தாறு. எவ்வளவு உயரத்தில் எறிந்தாலும் எம்பிப் பிடித்துவிடுகிறான். இன்று நான் கொண்டுபோன, நடுவில் பழக்கூழ் வைத்த கொலாச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மிஸ் லிபி, இது பன்னா, கேக்கா?"

"தின்னத் தெரியாதவனுக்கு எதுவா இருந்தா என்ன?"

"அப்ப இன்னும் ரெண்டு குடுங்க. கத்துக்கறேன்."

நான் பட்டை ஒட்டும்போதெல்லாம் ஊரிலிருக்கும் மனைவி லட்ரீஸோடு போனில் பேசுகிறான். குழந்தை முத்தம் கொடுக்கும் சத்தம் எனக்கும் கேட்கும்.

ஏப்ரல் 7

எதிரணி வரவில்லை. அந்த அணியையே கலைத்துவிட்டார்களாம், மத்தியானம்தான் தெரிந்தது. வந்திருந்த அறுநூறு பேருக்காக எங்கள் பையன்களே இரண்டு பக்கமாகப் பிரிந்து ஆடினார்கள். யாருக்குக் கைதட்டுவதென்று தெரியாமல் எல்லோருக்கும் தட்டினார்கள்.

ஏப்ரல் 21

ஆர்டெல் தலை சுவரில் மோதியது. மெத்தையில் இல்லை, இரண்டு மெத்தைக்கு நடுவில், பலகையில். எழுந்து நின்றான். சிரித்தான். "நாம ஜெயிக்கிறோமா?" என்றான். சொன்னேன். மறுபடி அதையே கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது உட்கார வைத்துவிட்டேன்.

கோச் ரஸ் டீட்ஸ் என்னிடம் வந்து, "எந்திரிச்சு நின்னுட்டான்ல? அப்புறம் என்ன?" என்றார்.

ஒரு வாரம் ஓய்வு என்றேன்.

ஏப்ரல் 28

என் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறினான். ஆட விட்டேன். ஆட்டத்தில் மறுபடி தலையில் அடி. லேசான மோதல்தான், நானே பார்த்தேன். ஆட்டம் முடிந்து, பழைய மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை என்றான்.

நான்தானே விட்டேன்?

மே 4, வெள்ளி

நாளை கனடாவிலிருந்து பெரிய அணியின் ஆள் ஒருவர் வருகிறார். ஆர்டெலின் ஆட்டத்தைப் பார்த்து எடுக்கத்தான்.

"மிஸ் லிபி, ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் நீங்க சொன்னா ஒரு மாசம் படுத்தே கிடக்கறேன்."

"முடியாது."

"ஏழு வருஷமா இதுக்காகத்தாங்க ஓடறேன். யாருமே வந்ததில்ல. இப்பத்தான் ஒருத்தர் வர்றாரு."

"தலை வலிக்குதா?"

ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். மறுபடி அவிழ்த்தான்.

மே 5

அவனுடைய தலைக்கவசத்தை என் கார் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. கோச் எல்லோர் முன்னாலும் கத்தினார்: "நீ யாரு, அவங்கம்மாவா?" சாவியைப் பாக்கெட்டுக்குள்ளேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆர்டெல் சாதாரணச் சட்டையோடு பெஞ்சில் இருந்தான். கனடாக்காரர் இடைவேளையில் கிளம்பினார். அவர் போவதை வாசல்வரை பார்த்துவிட்டு ஆர்டெல் தரையைப் பார்த்தான். வந்திருந்தவர்கள் இருநூறு பேர்கூட இருக்கமாட்டார்கள்.

மே 9, புதன்

முடிந்துவிட்டது. கொட்டகைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "மீதி ஆட்டங்கள் இல்லை" — ஒரே வரி. முதலாளியின் போன் வேலை செய்யவில்லை. ஒன்பது வாரம்கூட ஆகவில்லை. பையன்கள் வண்டிகளில் மூட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோச் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

ஆர்டெல் வண்டிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் திரும்பினான்.

"இனி யாருமே ஆட வேண்டியதில்ல, மிஸ் லிபி. இப்ப திருப்தியா?"

சனிக்கிழமை நான் கவசத்தைப் பூட்டிய அந்த ஆட்டம்தான் கடைசி ஆட்டம். எனக்கு எப்படிடா தெரியும்? தெரிந்திருந்தால் மட்டும்? தெரிந்திருந்தாலும் பூட்டியிருப்பேன். பூட்டியிருப்பேனா?

ஜூன் 12

கம்பளத்தைச் சுருட்டி எடுத்துப் போனார்கள்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

கான்சஸிலிருந்து ஒரு பெண், என்னைப் போலவே ஓர் அணியில் பட்டை ஒட்டுகிறவள், போன் செய்தாள். ஆர்டெலை எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். அலுவலகமே இல்லாமல் போனதால் அணியின் மருத்துவக் குறிப்பெல்லாம் என் வீட்டு அலமாரியில்தான் கிடக்கிறது.

"தலையில அடி ஏதாவது?"

குறிப்பு தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் நம்பியிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வரிசை வெட்டி முடிப்பதைப் பார்த்தேன்.

"ரெண்டு தடவை" என்றேன்.

"சரி, தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டாள். அவனை எடுக்கமாட்டார்கள்.

அக்டோபர் 3, புதன்

காலையில் லட்ரீஸ் கூப்பிட்டாள். திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும்.

"நான் பேசறது அவருக்குத் தெரியாதுங்க" என்றாள். "போன வாரம் பாப்பாவை ஸ்கூல்ல விடப் போனாரு. விட்டுட்டு வண்டியிலயே உக்காந்திருக்காரு, மத்தியானம் வரைக்கும். வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியலையாம். அவர் பொறந்து வளர்ந்த ஊருங்க இது."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"கான்சஸ்காரங்ககிட்ட ரெண்டு தடவைன்னு சொன்னீங்களாம். ரெண்டு இல்லைங்க. அதுக்கு முன்னாடி காலேஜ்லயே மூணு. உங்க டீம்ல சேர்றப்ப ஒரு ஃபார்ம் வந்துச்சு, முன்னாடி தலையில அடிபட்டிருக்கான்னு. அவர் கையெழுத்து கோழி கிறுக்கல், அதனால நான்தான் எழுதினேன். இல்லைன்னு... நான்தாங்க எழுதினேன்."

அழுதாள். நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கும் அழுகை நிற்கவில்லை.

பிறகு, "பேனா எடும்மா" என்றேன். எப்படிப்பட்ட டாக்டரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், எதையெல்லாம் மறைக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதும்வரை காத்திருந்தேன்.

"தலையில அடி எத்தனைன்னு எழுதியிருக்க?"

"அஞ்சுங்க" என்றாள்.